கடல்கட்டியும் கயிறு பிடிப்பவரும்

முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் தற்காப்புக் கலை ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து, தமிழ்நாட்டில் யாரிடம் யோசனை கேட்டாலும் அவனுக்கு முதலில் கிடைப்பது வரலாறு. போதிதர்மரில் ஆரம்பிப்பார்கள். கட்டபொம்மன் வழியாக எம்.ஜி.ஆர். வரை வந்து நிற்பார்கள். "நம்ம கலை இருக்கும்போது எதுக்குத் தம்பி கராத்தே?" என்று முடியும். கேட்டவன் தொப்பையோடு வந்தவன், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவன். அவன் முட்டி என்ன நிலையில் இருக்கிறது, வீட்டிலிருந்து வகுப்பு எவ்வளவு தூரம், சாயங்காலம் எத்தனை மணிக்கு அவனால் வர முடியும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

என்னிடமும் கேட்கவில்லை. நான் தூத்துக்குடிக்காரன். இயந்திரவியல் படித்துவிட்டு, எங்கள் தலைமுறையின் வழக்கப்படி மென்பொருள் எழுதப் போனவன். 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு ஊருக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு கூட்டம் முடிகிறவரை அதே நாற்காலி. அதற்குப் பிறகு புரோட்டா. இந்த ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கு எதுவும் கிடைக்காது, புரோட்டா மட்டும் கிடைக்கும். 36ஆவது வயதில் எடை 94 கிலோ, ஹெச்பிஏ1சி 6.3. 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். அதாவது விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

என் அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். 53ஆவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருக்கும்போது விழுந்தார். அப்போது எனக்கு 19. சின்னக் கணக்குதான், ஆனால் தினமும் போடுவேன். 53இல் 36 போனால் 17. என் மகளுக்கு இப்போது 4. அப்போது அவளுக்கு 21. என் அப்பாவை விட எனக்கு இரண்டு வருடம் கூடுதல் சலுகை, அவ்வளவுதான்.

"நடங்க சார்" என்றார் டாக்டர். ரோச் பூங்காவில் மூன்று வாரம் நடந்தேன். ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன். இரண்டிலும் உடம்பு ஒரு பக்கம் வேலை செய்யும், மனசு ஒரு பக்கம் நாளைக்கு முடிக்கவேண்டிய வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். கவனத்தையும் சேர்த்துக் கேட்கிற ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. சண்டை போடும் ஆசையெல்லாம் இல்லை. எதிரில் ஒரு ஆள் கையை ஓங்கினால் அந்த நொடியில் அலுவலகம் ஞாபகம் வராது, அது போதும் என்று நினைத்தேன்.

சரி, முதலில் பெருமைக் கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு, ஷாவோலின் சண்டைக்கலை காஞ்சிபுரத்திலிருந்து போனது என்பது நம் ஊரில் பாடப்புத்தகச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. 6ஆம் நூற்றாண்டுச் சீனப் பதிவுகளில் போதிதர்மர் வருகிறார், தியானம் செய்கிற துறவியாக. அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து கிளம்பிய கதை. நடுவில் ஆயிரம் வருடம். இதைச் சொன்னால் கோபம் வருகிறது. கதை உண்மையாகவே இருக்கட்டும், அதனால் எனக்கு என்ன? கலையின் வயது 1,500 என்று சொல்கிறார்கள். எனக்குப் பிரச்சினை என் முட்டியின் வயது.

கட்டபொம்மன் விஷயம் வேறு. பாஞ்சாலங்குறிச்சி எங்கள் ஊருக்குப் பக்கம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டது வரலாறு. எங்கள் பக்கத்துச் சிலம்பக்காரர்கள் எல்லாருமே தங்கள் கம்பை அந்தப் படையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் 'நம்ம கலை' என்கிறபோது அந்த 'நம்ம' யார்? நான் தேடிப்போன முதல் சிலம்ப வாத்தியார், பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், பிறகு மெதுவாக, "ஊருக்குள்ள எந்தத் தெரு தம்பி?" என்றார். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது முகவரி கேட்கும் கேள்வி அல்ல. தெருவைச் சொன்னேன். "நம்ம பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுக்கேன், சாயங்காலம் கோயில் திடல்ல, வெளியாளுக்குச் சரிப்பட்டு வராது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், காப்பிகூடக் கொடுத்தார். தமிழனின் ரத்தத்தில் சிலம்பம் ஓடுகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் எந்தத் தெரு ரத்தத்தில் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெட்ரோல் மிச்சம்.

இரண்டாவது கட்சி என் பெங்களூர் நண்பன். பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கிறான், மூன்று வருடமாக. அவனைப் பொறுத்தவரை அது, குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவாய் தாய், மல்யுத்தம் இந்த நான்கைத் தவிர மற்றதெல்லாம் நாட்டியம். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியை அவன் திருவிளையாடல் கதை மாதிரிச் சொல்வான். ராய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான ஆள் தன்னைவிடப் பெரியவர்களை ஒரே இரவில் ஒவ்வொருவராக மடக்கிப் போட்டது உண்மைதான். அவன் வாதத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது: எதிர்க்கிற ஆளோடு பழகாத வித்தை எதுவும் வித்தையே இல்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன், பின்னால் இதற்கு வருகிறேன். ஆனால் அவனிடம் "தூத்துக்குடியில நான் எங்கடா போறது?" என்று கேட்டால், "அப்ப பெங்களூருக்கு வா" என்கிறான். எங்கள் துறையிலும் இப்படி ஆட்கள் உண்டு. முதலில் எந்த நிரல்மொழி கற்பது, சி-யா, பைத்தானா என்று பத்து வருடமாகச் சண்டை போடுவார்கள். கேட்ட பையன் அதற்குள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டிருப்பான்.

மூன்றாவது கட்சி: "மொதல்ல உடம்பத் தேத்திட்டு வாங்க." நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது மாதிரி. இவர்களுக்குப் பதில் சொல்வதே வீண்.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்தது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கராத்தே வகுப்பு. பெயர் வேண்டாம். நாற்பது பிள்ளைகள், எல்லாரும் ஏழிலிருந்து பன்னிரண்டு வயது. கடைசி வரிசையில் நான். வெள்ளை உடையில் என் வயிற்றுக்கு மேல் வெள்ளை பெல்ட் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற பெண்பிள்ளை திரும்பிப் பார்த்து, "அங்கிள், கால இன்னும் தூக்கணும்" என்றது. அவமானமாக இல்லை, உண்மையிலேயே பிடித்திருந்தது. அவமானம்தான் பெரியவர்களைத் தடுக்கிறது என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அவமானம் இரண்டு நாளில் பழகிவிடும். முட்டி பழகாது.

நான்காவது வகுப்பில் யாரோ இரண்டு பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மொத்த வகுப்புக்கும் தண்டனை: மைதானத்தைச் சுற்றி வாத்து நடை, பிறகு உட்கார்ந்து எழுந்து குதிப்பது ஐம்பது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். இருபத்தைந்து கிலோப் பிள்ளைக்கு அது விளையாட்டு. 94 கிலோவோடு முட்டியை முழுதாக மடக்கி அதன் மேல் குதிப்பது வேறு சங்கதி. முப்பத்தைந்தாவது குதிப்பில் வலது முட்டிக்குள் ஏதோ இடம் மாறியது தெரிந்தது. கையைத் தூக்கினேன். "கராத்தேல வலின்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் மாஸ்டர். மீதி பதினைந்தையும் செய்தேன். என் முட்டாள்தனம்தான், மறுக்கவில்லை. குருவிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று நமக்கு எங்கோ ஆழத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. மகளைத் தூக்க முடியவில்லை. எடை 96 ஆனது.

அந்த ஆறு வாரத்தில் நிறையப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டது: ஒகினாவாவில் இடோசு அன்கோ என்பவர் 1901இல் கராத்தேவைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். அதற்காக அதைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி வரிசையாக நின்று எல்லாரும் சேர்ந்து செய்கிற பயிற்சியாக மாற்றினார். நம் ஊர் வகுப்புகளில் இன்று நடப்பது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளை. பிள்ளைகளின் எலும்புக்காக வெட்டித் தைத்த சட்டை அது. அதற்குள் ஒரு நடுவயதுக்காரனை நுழைத்தால் சட்டை கிழியாது, ஆள் கிழிவான்.

ஜூடோ பற்றியும் அப்போதுதான் படித்தேன், அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. ஜிகோரோ கானோ சின்ன வயதில் நோஞ்சான், பள்ளியில் அடி வாங்கியவர். பழைய ஜுஜுட்சு ஆசான்களிடம் கற்று, 1882இல், 21 வயதில், தோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 12 பாய்களை விரித்து கொடோகனைத் தொடங்கினார். அவருடைய முறையில் முதலில் கற்பது எறிவதை அல்ல, விழுவதை. கையால் தரையை அறைந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல் விழுவது. அடடா, இதுவல்லவா என் போன்றவனுக்கான கலை என்று நினைத்தேன். அடுத்த கட்டுரையில் மண்டையில் அடி விழுந்தது. அதே ஜப்பானில், 1983க்குப் பிறகு வந்த முப்பது வருடத்துக்குள், பள்ளி ஜூடோவில் 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ரியோ உச்சிதா என்ற ஆய்வாளர் உட்காந்து ஒவ்வொன்றாகத் தொகுத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம், தலையில் அடிபட்டே அதிகம். விழுவதற்குக் கற்றுக்கொடுக்கவென்றே உண்டான கலையில், அது பிறந்த தேசத்தில், விழத் தெரிவதற்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் கலையின் பெயரைப் பார்த்து நான் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? ஒன்றும் முடியாது. பெயர்ப்பலகையில் ஜூடோ என்று இருக்கலாம், சிலம்பம் என்று இருக்கலாம். உள்ளே நிற்கிற மனிதருக்கு, எதிரில் நிற்கிற பலவீனமான உடம்பைப் படிக்கத் தெரியுமா என்பதைப் பலகை சொல்லாது.

பலகைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் ஊரில் எல்லா வகுப்புப் பலகையிலும் 'தற்காப்பு' என்ற சொல் இருக்கும். கல்லூரிகளில் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் தற்காப்புப் பயிலரங்கு நடத்தி, மேடையில் நான்கு ஓடு உடைத்துக் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெண்களை அடிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதே வீட்டில் சாப்பிடுகிறவர்கள் என்பதைப் பற்றி அந்த மேடையில் பேச்சு வராது. இது அரிவாள் ஊர். அரிவாளோடு வருகிற இரண்டு பேருக்கு எதிராக வெறுங்கையில் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த எல்லா நல்ல வாத்தியார்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஓடணும். நான் 200 மீட்டர் ஓட முடியாதவன். என் தற்காப்பு அங்கேயே முடிந்தது. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் இந்த ஊர்க்காரர்கள் 13 பேர் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த ஊரில் ஒரு பலகையில் 'முப்பது நாளில் முழுத் தற்காப்பு' என்று எழுத எப்படிக் கை வருகிறது என்று தெரியவில்லை.

இந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கடற்கரையின் ஒரு பழைய உத்தியோகம் ஞாபகம் வரும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாம். பகலில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். பிறகு வந்த ஆங்கிலேய அரசும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. அவர் கரையில் நிற்காவிட்டால் முத்துக்குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். 1807இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் கார்டினர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எனக்குக் கடல்கட்டி மேல் கோபம் இல்லை. பயந்த மனிதனுக்குத் தைரியம் கொடுப்பதும் ஒரு வேலைதான். ஆனால் முத்துக்குளிப்பவர்கள் அவரை நம்பி உயிரைக் கொடுத்துவிடவில்லை. உயிரை வேறொருவர் கையில் கொடுத்திருந்தார்கள். காலில் கல்லை மாட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குகிறவருக்கு, மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம் போலத்தான் அவகாசம். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்க வேண்டும். வெயிலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வேறெங்கும் பார்க்காமல் நிற்கிற அந்த ஆள்தான் பாதுகாப்பு.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு பழைய சங்குகுளித் தொழிலாளி. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்கு மட்டும் தொடர்ந்தது. இப்போது கயிற்றுக்குப் பதில் கம்ப்ரஸரிலிருந்து காற்றுக்குழாய். அவருக்கு 63 வயது, ஒரு காது சுத்தமாகக் கேட்காது. வடக்கே கடற்கரை ஓரத்தில், மீன் காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், காலையில் ஏழெட்டுப் பேருக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறார். பலகை கிடையாது. "கயித்த மச்சான்கிட்டதான் குடுப்போம் தம்பி. அக்கா தங்கச்சி தாலி அதுல கெடக்குல்லா? கண்ணசர மாட்டான்" என்றார். வகுப்பில் ஒரு ஐஸ் கம்பெனிக்காரர், ஒரு ஆட்டோ ஓட்டுநர், உப்பளத்தில் கணக்கு எழுதும் ஒரு அக்கா, கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். எந்தத் தெரு என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. "முட்டியில என்ன?" என்று கேட்டார். நான் நடந்து வந்ததைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார்.

முதல் நாள் கம்பே தரவில்லை. "நில்லுங்க, நிக்கத் தெரியுதான்னு பாப்போம்." மணலில் சுவடு மட்டும், காலை எடுத்து வைத்துத் திரும்புவது மட்டும், மூன்று வாரம். நடுநடுவே, "உங்க கம்பெனில என்ன வேல தம்பி, சொல்லுங்க" என்பார். கால் நகர்ந்துகொண்டே பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு அறுந்தால், "உக்காருங்க" என்பார். நான் அவர் பேச்சுப்பிரியர் என்று நினைத்திருந்தேன். இன்னும் முடியும் என்று ஒருநாள் வீம்பாக நின்றபோது, "நீங்க சொல்லாம நிக்கிறதுன்னா நான் எதுக்கு இங்க?" என்று கம்பைக் கீழே போட்டுவிட்டார். உடற்பயிற்சி மருத்துவத்தில் இதற்குப் பேச்சுச் சோதனை என்று பெயரே இருக்கிறது. பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் மிதமான உழைப்பு, வார்த்தை அறுந்தால் கடும் உழைப்பு. அவர் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் எனக்கு உடம்பு லேசானது போல் இருந்தது. சுழற்றலாம், குதிக்கலாம் என்று கை பரபரத்தது. அவர் விடவில்லை. பெரியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற நாண்கள் தேற மாதங்கள் ஆகும். எஞ்சின் மாற்றிய வண்டி, பழைய பிரேக். இந்த இடைவெளி தெரியாத மாஸ்டர் எந்தக் கலையின் எத்தனை டிகிரி கறுப்புப் பட்டை வைத்திருந்தாலும் நடுவயதுக்காரர்களுக்கு ஆபத்தானவர்.

நான்காவது மாதம் துணி சுற்றிய கம்போடு எதிரில் நின்றார். தொடுமுறை. அவர் கம்பு என் மேல் படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. முதல் நாள் பதினெட்டு முறை தொட்டார். முழங்கை, தோள், இடுப்பு, ஒருமுறை மூக்கு நுனி, பஞ்சு பட்ட மாதிரி. என் பெங்களூர் நண்பன் சொன்ன 'எதிர்க்கிற ஆள்' இதுதான். அவன் சொன்னது சரி. எதிராளி இல்லாமல் கற்பது வெறும் அசைவு. அவன் விட்டுவிட்டது ஒன்று: எதிராளி எவ்வளவு பலமாக எதிர்க்க வேண்டும் என்பதை யாராவது ஒருவர் என் உடம்பைப் பார்த்துத் தினமும் தீர்மானிக்க வேண்டும். கயிறு பிடிப்பது என்றால் இதுதான்.

இதனால் நான் சிலம்பக் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் மகிழ வேண்டாம். இன்று சிலம்பத்துக்கு நடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு வந்தது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாகவும் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் கூடவே வந்தது சான்றிதழ் வியாபாரம். ஆணிப் பலகை மேல் நின்று, பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளை மூன்று மணி நேரம் இடைவிடாமல் கம்பு சுற்றுகிறது. எதிரில் ஆளே கிடையாது. முடிந்ததும் யாரோ ஒருவர் 'உலக சாதனை' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம் கொடுக்கிறார், பெற்றோர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். இதற்குப் பெயர் மரபு மீட்பாம். இப்படிப்பட்ட சிலம்ப வகுப்புக்குப் போவதற்குப் பதில் நீங்கள் தேக்வாண்டோவோ குத்துச்சண்டையோ கண்டம் தாண்டிய எதுவோ கற்கலாம், தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சிலம்பத்தில் எனக்குப் பிடித்த விஷயங்கள் மிகச் சாதாரணமானவை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கம்பின் தூரம் இருக்கிறது, 94 கிலோ யார் மேலும் போய் மோதாது. மணலில் ஆடலாம். ஆள் இல்லாத நாளில் மொட்டைமாடியில் தனியாகச் சுவடு பழகலாம். மூங்கில் கம்பு விலை மலிவு. என் வீட்டிலிருந்து வண்டியில் எட்டு நிமிடம். இந்த எட்டு நிமிடம் இருபத்தைந்து நிமிடமாக இருந்திருந்தால் மூன்றாவது மாத மழையில் நின்றிருப்பேன், எனக்குத் தெரியும். நல்ல ஜூடோ ஆசான் எட்டு நிமிடத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை ஜூடோவைப் பற்றியதாக இருந்திருக்கும். விழுவதை மட்டும் எனக்கு இன்னும் யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. வாத்தியாரிடம் கேட்டால், "மணல்ல விழுந்து விழுந்து படிச்சதுதான்" என்கிறார். அது ஒரு குறைதான். எங்கள் ஊருக்கு ஜூடோ தெரிந்த யாராவது வந்தால் ஒரு வாரம் அவர் காலில் விழுந்தாவது அதைக் கற்றுக்கொள்ள இருக்கிறேன்.

யாராவது என்னிடம் கேட்டால் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்வேன். சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டரின் உதையைப் பார்க்காதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். அங்கே இருப்பதிலேயே முடியாத ஆள் யார் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் கண் எத்தனை முறை அந்த ஆள் மேல் போகிறது என்று எண்ணுங்கள். அவர் நின்றுவிட்டால் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் வயதில் ஒருவராவது இருக்கிறாரா, ஒரு வருடத்துக்கு முன்பே பணம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். இப்படி உட்கார்ந்து பார்க்க விடமாட்டோம் என்றால் சந்தோஷமாக எழுந்து வந்துவிடலாம்.

பதினோரு மாதம் ஆகிறது. எடை 88. ஹெச்பிஏ1சி 5.9. முட்டி மழைக்காலத்தில் இன்னும் பேசும். புரோட்டா வாரம் ஒன்று. வாத்தியார் என்னை நேற்று ஆறு முறைதான் தொட்டார், நான் அவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முத்துநகர் கடற்கரையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், நல்ல பாரியான உடம்பு, கையில் மகனுக்கு வாங்கிய மக்ரூன் பொட்டலம். என் கம்பைப் பார்த்துவிட்டு, "சார், நானும் ஏதாச்சும் படிக்கலாம்னு பாக்கேன். எந்தக் கலை நல்லது?" என்றார்.

"அண்ணாச்சி வீடு எங்க?" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு தெருப் பெயரைச் சொல்லாமல், "இங்கனதான், பக்கத்துல" என்றார். நான் எதைக் கேட்டேன் என்று அவர் நினைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தூரத்துக்காகக் கேட்டேன் அண்ணாச்சி," என்றேன். "காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு எவ்வளவு தூரம் வர முடியும் உங்களால?"